மிச்ச உல்லனில் ஒரு குல்லா

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊட்டிப் பக்கம் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் வீட்டில் எப்படியும் ஒரு பை இருக்கும். பின்னி மிஞ்சிய உல்லன் உருண்டைகள் அதில் கிடக்கும். இன்னொரு ஸ்வெட்டருக்குப் போதாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அதில் குல்லா பின்னி, நமக்கு உதவியவர்களுக்குக் கொடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு உங்களிடமும் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கும் ஊட்டி கேரட்டைப் பல இடங்களில் இருட்டிலேயே, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்குவார்கள். மூட்டைகள் கழுவும் மெஷினுக்குப் போய், அங்கிருந்து லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். ஜனவரியில் அந்த நேரத்துக்குப் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். அப்படி ஒரு காலையில் எங்கள் அம்மா சரிவில் வழுக்கி விழுந்துவிட்டார். கேரட் காட்டுப் பெண்கள்தான் ஓடி வந்து தூக்கி, மூட்டை ஏற்ற நின்ற வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு அக்கா வழி முழுக்க அம்மாவின் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்றைய கூலியும் அவருக்குப் போயிருக்கும்.

பிறகு பணத்தோடு போய் நின்றேன். "காலைப் பிடிச்சதுக்கெல்லாம் காசா கண்ணு?" என்று கையைத் தள்ளிவிட்டார். "சரி, குல்லா பின்னித் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. "காதை மூடணும். துண்டு கட்டினா குனியறப்ப அவிழ்ந்து கண்ணுல விழுது" என்றார்.

நேயர்களே, குல்லாவுக்கு அளவு அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. என்ன நிறம் பிடிக்கும் என்பதை அப்புறம் கேட்கலாம். என்ன வேலை செய்கிறார், எப்படிக் குனிகிறார், எதில் துவைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அந்த அக்காவுக்கு விளிம்பு நன்றாக இழுபட வேண்டும். அதனால் இரண்டு கண்ணி (ஊசியில் விழும் வளையம்) நேர், இரண்டு கண்ணி எதிர் (நிட், பர்ல்) என்று நீளமாகப் பின்னி, மடித்துக் காதுக்கு மேல் இரட்டையாக வரும்படி விட்டேன். நடுத்தர மொத்த நூல், எட்டாம் நம்பர் ஊசி என்றால் பெரியவர்களுக்கு 100 கண்ணி சரியாக இருக்கும். தலைச் சுற்றளவைவிட நாலைந்து சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கட்டும், அப்போதுதான் கழன்று விழாது.

மிச்ச நூல் என்றால் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்துதான் கிடக்கும். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, மணி போல இறுகினால் அக்ரிலிக். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும். கல்லில் அடித்துத் துவைக்கிறவருக்கு அக்ரிலிக்கே நல்லது. இரண்டையும் ஒரே குல்லாவில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, முடிச்சு. துண்டு நூல்களை வரிசையின் நடுவில் முடிச்சுப் போட்டால் நாள் முழுக்க அது மண்டையில் உறுத்தும். மூட்டுவதற்கு முன், ஊசியில் இருக்கும் பின்னலின் அகலத்தைப் போல நாலு மடங்கு நூல் கையில் இருந்தால் ஒரு வரிசை தாராளமாக முடியும். அதற்குக் குறைந்தால் அங்கேயே நிறுத்தி, அடுத்த நிறத்தை ஓரத்தில் தொடங்குங்கள். நுனிகளை, இரண்டு ஓரங்களையும் மூட்டும் தையலுக்குள் செருகிவிடலாம். வாங்குகிறவர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டார்தான். ஆனாலும் அவர் தலையில் படுவது அந்தப் பக்கம்தானே! உள்பக்கத்தையும் ஒழுங்காக முடியுங்கள்.

பால்காரர், பிரசவம் பார்த்த நர்ஸம்மா என்று இன்னும் பலருக்குப் பின்னுவதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிறவர் ஹெல்மெட்டுக்குள் போடுவதற்கு மெல்லிய நூல், உச்சியில் குஞ்சம் வேண்டாம். குழந்தைக்குப் பின்னுவதென்றால், பிறந்த குழந்தையின் தலை சுமார் 35 சென்டிமீட்டர் சுற்றளவு இருக்கும். அந்தக் குல்லாவுக்குக் கட்டுகிற கயிறு வைக்காதீர்கள். யாருக்கானாலும் ஒருமுறை அலசிக் காயவைத்துக் கொடுங்கள். வணக்கம்.