ஆறு வெப்சைட் ஆரம்பிக்குமா?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் கம்மி, பொன்னாடைய அப்புறம் போத்திக்கலாம்.

தலைப்பு 'இணைய ஆளுகையில் ஓங்கியிருப்பது பொதுநலமா, கம்பெனி நலமா?' நான் கம்பெனி பக்கம். கம்பெனி கைதான் ஓங்கியிருக்குன்னு வயிறெரிஞ்சு சொல்ற பக்கம் ஐயா, சம்பளம் வாங்குற பக்கம் இல்ல.

இப்ப எதிரணித் தம்பி, டாட் காம் மாதிரி வெப்சைட் முகவரி கடைசியில வர்ற டாட் அமேசான் பத்தி ஒரு பஞ்ச் அடிச்சாரு. "டாட் அமேசான்ங்கிற பேரை கம்பெனிக்குக் குடுத்தா என்ன, அமேசான் ஆறு என்ன வெப்சைட்டா ஆரம்பிக்கப் போகுது?"ன்னாரு, நீங்களும் விசில் அடிச்சீங்க, பரவால்ல, நானும்தான் சிரிச்சேன்.

தம்பி, காவிரிக்கு ஃபேஸ்புக் அக்கவுன்ட் கூட இல்ல, அதுக்காகக் காவிரிங்கிற பேரை எவனுக்காவது எழுதிக் குடுத்துருவீங்களா? (கை தட்டுங்க, விசில் வேணாம்.)

கதைய முழுசா சொல்றேன். இணையத்துல முகவரிப் பேர்களைப் பாத்துக்கிறது ஐகேன்னு கலிஃபோர்னியாவுல ஒரு அமைப்பு. 2012ல புதுப் பேருக்கு மனு வாங்குனாங்க, மனு போடவே 1,85,000 டாலர், ஆத்தங்கரையில மீன் புடிக்கிறவன் போடுற காசா அது? அமேசான் கம்பெனி போட்டுச்சு. பிரேசிலும் பெருவும் "யோவ் அது எங்க ஆறுய்யா"ன்னு குறுக்க விழுந்தாங்க. 2014ல ஐகேன் மனுவை நிராகரிச்சது. கம்பெனி விடல, மேல போச்சு, 2017ல நடுவர் குழு என்ன சொல்லுச்சு தெரியுமா, அரசாங்கங்க வேணாம்னு சொன்னா போதாது, பொதுநலக் காரணம் நிஜமாவே இருக்கான்னு ஐகேனே ஆராயணும்னுச்சு. அதாவது ஆத்துக்காரன் வேணாம்னா மட்டும் பத்தாதாம்! நடுவர் ஐயா, உங்களைச் சொல்லல.

நடுவுல சமாதானம் பேசுனாங்க பாருங்க, அதான் உச்சம். அந்த நாடுகளுக்கு 50 லட்சம் டாலர் மதிப்புல, மின்புத்தகம் படிக்கிற கிண்டில் கருவியும் வெப்சைட் வச்சுக்க ஹோஸ்டிங்கும் தர்றோம்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. கிண்டில்! திரும்பச் சொல்றேன், ஆறு கேட்டவனுக்குக் கிண்டில்! சம்பந்தி நிலத்தைக் கேட்டா தினசரி காலண்டர் குடுத்து அனுப்புன மாதிரி. அதுல தண்ணி பட்டா ரிப்பேர் வேற.

கடைசியில 2020ல பேர் கம்பெனிக்கே போச்சு. இத்தனைக்கும் படகோனியான்னு ஒரு துணிக் கம்பெனி இதே மாதிரி மனு போட்டு, அது எங்க பகுதியோட பேருன்னு அர்ஜென்டினாவும் சிலியும் ஆட்சேபிச்சதும் 2013லயே வாபஸ் வாங்கிருச்சு, அவங்களும் கம்பெனிதான். (இது என் கட்சிக்கு எதிரான பாயின்ட், தெரிஞ்சேதான் சொல்றேன்.)

பேர் போனா என்னன்னு கேக்குறீங்கல்ல தம்பி. எங்க ஊர்ல ஒரு பஸ் ஸ்டாப், பேரு ஆயா கடை. ஆயான்னா எங்க அப்பத்தா, புளியமரத்தடியில இட்லி வித்துச்சு, கண்டக்டர் "ஆயா கடை எறங்கு, ஆயா கடை எறங்கு"ன்னு கத்துவாரு, எங்க ஆயா சட்னிய விட்டுட்டு நிமிந்து பாக்கும், தினம் பத்து தடவ, தன்னைக் கூப்டுறாங்கன்னு. அப்புறம் ஒரு ரியல் எஸ்டேட்காரர் நிழற்குடை கட்டிக் குடுத்து பேரை மாத்தி போர்டு மாட்டுனாரு. நல்ல குடைதான், மழை ஒழுகல. மேப்லயும் அந்தப் பேர்தான் வந்துச்சு. புதுக் கண்டக்டரும் அதையே கத்துனாரு. அன்னையிலருந்து ஆயா நிமிரல.

பெல் அடிக்காதீங்க ஐயா, ஒரே நிமிஷம்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாங்க. ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பி போனை நீட்டி "எந்த எடம்ணா, டைப் பண்ணுங்க"ன்னாரு. நான் அந்தப் புதுப் பேரைத் தேடிட்டு இருக்கேன், கை நடுங்குது, வரமாட்டேங்குது. பின்னாடி ஸ்ட்ரெச்சர்லருந்து சத்தமே இல்லாம ஒரு குரல், "ஆயா கடைன்னு சொல்லுடா, எல்லாருக்கும் தெரியும்."

உக்காந்துர்றேன் ஐயா.