50 ஓம் மார்பு

வணக்கம் நேயர்களே. துடிப்பு தாறுமாறாகிப்போன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி டிஃபிபிரிலேட்டர். 1965இல் பெல்ஃபாஸ்டில் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் கார் பேட்டரிகளை வைத்து அதை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அப்போது அதன் எடை சுமார் 70 கிலோ. இன்று ஒரு கையில் தூக்கிப் போகிறோம். ஆனால் அன்றும் இன்றும் ஒன்று மாறவில்லை. பல நாள் சும்மா கிடந்துவிட்டு, கூப்பிட்ட நொடியில் அது வேலை செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி காலை வாரிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியை வடிவமைப்பதுதான் என் வேலை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். மனித மார்புக்குப் பதிலாக 50 ஓம் மின்தடை ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கிறோம். டிஃபிபிரிலேட்டரின் பேடில்களை, அதாவது மார்பில் வைத்து அழுத்தும் கைப்பிடித் தகடுகளை, பெட்டியின் மேலே உள்ள தகடுகளில் அழுத்தி அதிர்ச்சி கொடுத்தால், சில மில்லி வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் எத்தனை ஜூல் ஆற்றல் வந்து சேர்ந்தது என்று அளந்தாக வேண்டும். 200 என்று திருகி வைத்தால் 200க்குப் பக்கத்திலாவது வருகிறதா? அவ்வளவுதான் கேள்வி.

சிக்கல் எல்லாம் அந்த மின்தடையில்தான். சாதாரணமாகக் கம்பி சுற்றிய தடையைப் போட்டால், அது மின்சுருளாகவும் வேலை பார்த்து, பாயும் மின் அலையின் வடிவத்தைக் கெடுத்துவிடும். சரி, அதைத் தவிர்த்தோம். அப்புறம் வந்தது சூடு. எங்கள் முதல் மாதிரியில் 360 ஜூல் வீதம் பத்து முறை விடாமல் பாய்ச்சினோம். திரையில் எண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது. டிஃபிபிரிலேட்டருக்குப் பலம் கூடிவிடவில்லை. உறையைக் கழற்றிக் கையை அருகில் கொண்டுபோனேன், அனல் அடித்தது. சூட்டில் தடை 50 ஓமைத் தாண்டியிருந்தது, பெட்டியோ மின்னழுத்தத்தை மட்டும் அளந்து, தடை இன்னும் 50 என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. குறைத்துக் காட்டியிருந்தால் நல்ல கருவி ஒன்று பழுது பார்க்கப் போயிருக்கும், அவ்வளவுதான். கூட்டிக் காட்டினால் பலமில்லாத கருவி தேறி, ஆம்புலன்ஸில் ஏறிவிடும்.

அதற்குப் பிறகு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியாக அளக்க ஆரம்பித்தோம். கணத்துக்குக் கணம் இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் ஆற்றல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அந்தக் கணத்தில் தடை எத்தனை ஓம் என்று தெரிந்துவிடும். அது 50ஐ விட்டு விலகியிருந்தால் பெட்டி முடிவே சொல்லாது. முந்தைய எண்ணையும் திரையிலிருந்து அழித்துவிடும். அவசரத்தில் யாரும் அதையே குறித்துக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? தடை ஆறும் வரை காத்திருக்கச் சொல்லும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாதா என்று சோதிப்பவர்கள் கேட்கிறார்கள். அதே 50 ஓமில், உருவத்தில் இன்னும் பெரிய தடை வைத்தால் குறைக்கலாம். பெட்டியின் எடை கூடும். அதைத்தான் இப்போது செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை அது காத்திருக்கச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.