போர் ஓய்ந்த நிலத்தில் ஓயாத வெடிகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போரும் ஆயுதங்களும் மனிதரிடம் பறித்துக்கொள்வதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மாண்டவர்களின் எண்ணிக்கையில் தொடங்குவார்கள். நான் பிழைத்தவர்களிடமிருந்து தொடங்குகிறேன். பத்து வயதுக் குழந்தை ஒன்று கண்ணிவெடியில் காலை இழக்கிறது, உயிர் தப்பிவிடுகிறது. நாமும் பெருமூச்சு விட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்தக் குழந்தைக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது?

வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை செயற்கைக் காலை மாற்ற வேண்டும். வளர்ந்த பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்று. இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழப்போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு வாழ்நாளில் சுமார் 25 செயற்கைக் கால்கள் தேவைப்படும் என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. இருபத்தைந்து தடவை அளவெடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பயணம், காத்திருப்பு, பழகும் வரை வலி. இதற்கிடையே இன்னொரு கொடுமையும் உண்டு. வெட்டிய இடத்தில் எலும்பு தோலைவிட வேகமாக வளரும். முனை தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அப்போது மறுபடியும் அறுவைச் சிகிச்சை. இந்தச் செலவு எந்த நாட்டின் போர்க் கணக்கிலும் ஏறுவதில்லை. அதைச் சுமப்பது குழந்தையின் குடும்பம்.

இந்த ஆயுதத்தின் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளைக் குறிவைக்கும் சிறிய கண்ணிவெடிகளில் பல, கொல்வதைவிட ஊனமாக்கவே வடிவமைக்கப்பட்டவை. காயம்பட்ட ஒரு வீரனைத் தூக்கிப்போக இன்னும் இருவர் வேண்டும், மருத்துவர் வேண்டும், வாகனம் வேண்டும். எதிரிப் படை தளர்ந்துபோகும் என்பதே அதன் பின்னுள்ள கணக்கு. பிளாஸ்டிக் கூட்டுக்குள் சில பத்து கிராம் வெடிமருந்து இருந்தாலே போதும். வெடிக்கும்போது மண்ணும் புல்லும் செருப்புத் துண்டும் பாத எலும்பின் சில்லுகளும் தொடை வரைக்கும் ஏறிவிடும். அதனால்தான் வெளியே தெரியும் காயத்துக்கு வெகு மேலே காலை எடுக்க வேண்டியிருக்கிறது. காயத்தை உடனே தைத்து மூடவும் முடியாது. உள்ளே சிக்கிய அழுக்கு சீழ் பிடிக்கும் என்பதால் சில நாள் திறந்தே வைத்துப் பிறகுதான் மூடுவார்கள். இந்த மருத்துவம் கிடைக்கும் தூரத்தில் வாழ்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கண்ணிவெடி கிடக்கும் நிலங்களில் பல மருத்துவமனைக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன.

அடுத்து தென்கிழக்கு ஆசியாவின் லாவோஸ். வியட்நாம் போர்க் காலம். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான வெடிகளைக் கொட்டின. அவற்றில் கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய குட்டிக் குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. தரையில் விழுந்ததும் வெடிக்க வேண்டும் என்றுதான் அவற்றைச் செய்தார்கள். ஆனால் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணில் புதைந்து நின்றுவிட்டன. அதாவது சுமார் எட்டுக் கோடி குண்டுகள்! கைக்குள் அடங்கும் உருண்டை வடிவம். பிள்ளைகள் பந்து என்று நினைத்து எடுக்கிறார்கள். உழவர் மண்வெட்டியை ஓங்கிப் போடும் இடத்தில் ஒன்று கிடக்கிறது. குளிருக்குத் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்தவர்களின் நெருப்புக்கு அடியில் ஒன்று கிடக்கிறது, சூடேறி வெடிக்கிறது. வறுமையில் பழைய இரும்பு பொறுக்கி விற்பவர் கையில் ஒன்று வெடிக்கிறது. குண்டுவீச்சு நின்ற பிறகு மட்டுமே அங்கே 20,000 பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்தப் போர் நடந்தபோது பிறக்கவே இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தாத்தா காலத்துச் சண்டைக்குப் பேரப்பிள்ளை காலைக் கொடுக்கிறது.

லாவோஸ் மட்டும் விதிவிலக்கல்ல. பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் 2014-ல் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இருவர், முதல் உலகப் போர்க்கால குண்டு வெடித்து இறந்தார்கள். போர் தொடங்கிக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை வானிலிருந்து தூவிய, இலைபோலச் சிறகுள்ள வெடிகளைக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்று எடுத்தார்கள். உலகம் முழுவதும் 2023-ல் மட்டும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காத எச்சங்களாலும் 5,700-க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் படையைச் சேராத பொதுமக்கள்.

புதைப்பதற்கு அதிக நேரம் ஆகாது. ஒரு கண்ணிவெடியைச் செய்ய மூன்று டாலரே போதும் என்பார்கள்; எடுப்பதற்கு நூற்றுக்கணக்கான டாலர் பிடிக்கும். அதை எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசலில் உள்ள முகமாலையில் இரண்டு படைகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்றன. 2009-க்குப் பிறகு அந்த மணலை அடி அடியாகத் துழாவியவர்களில் ஏராளமானோர் பெண்கள். அவர்களில் பலர் போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். வெயிலில் கனத்த கவச அங்கி, முகத்தை மூடிய கண்ணாடித் தடுப்பு, கையில் வாருகோல். முழந்தாளிட்டு மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கை போய்விடும், கண் போய்விடும். போர் புதைத்ததைப் பெண்கள் உட்கார்ந்து எடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

போரிலும் சில ஆயுதங்கள் கூடாது என்ற எண்ணம் புதிதல்ல. 1868-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய அரசுகள், 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் தோட்டாக்களை விலக்கின. எதிரியின் படையைத் தளரச் செய்வதற்கு மேல் வீணான வேதனை எதற்கு என்பதே அவர்கள் முன்வைத்த நியாயம். உடலுக்குள் போய் விரியும் தோட்டா 1899-ல் விலக்கப்பட்டது. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதம் 1995-ல், போர்க்களத்துக்கு வருவதற்கு முன்பே தடை செய்யப்பட்டது. 1997-ல், ஆளைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் வந்தது. அதற்காகப் பாடுபட்ட இயக்கத்துக்கும் அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்மணிக்கும் அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 160-க்கும் அதிகமான நாடுகள் சேர்ந்தன. இலங்கையும் 2017-ல் சேர்ந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் சேரவில்லை. கொத்துக்குண்டுக்கான தடை 2010-ல் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டிலும், பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் உதவ வேண்டும் என்ற கடமை எழுதப்பட்டிருக்கிறது. ஆயுதம் பற்றிய ஒப்பந்தத்தில், அடிபட்ட மனிதருக்கு ஒரு வரி கிடைத்தது பெரிய விஷயம்.

இந்தத் தடைகள் எழுப்பிய சுவரில்தான் இப்போது விரிசல். 2025-ல் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. லிதுவேனியா கொத்துக்குண்டுத் தடையிலிருந்தும் விலகிவிட்டது. உக்ரைனில் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களின் அச்சத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். அது உண்மையான அச்சம். ஆனால் அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். இன்றைய வெடிகள் குறித்த காலத்தில் தாமே செயலிழந்துவிடும், புதைத்த இடமெல்லாம் வரைபடத்தில் இருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. லாவோஸில் விழுந்த குண்டுகளும் தரையைத் தொட்டதும் வெடிக்கும் என்று நம்பித்தான் செய்யப்பட்டன. தொழிற்சாலையில் கொடுத்த வாக்கை வயல் காப்பாற்றவில்லை. வரைபடம் சண்டையில் தொலையும். பின்வாங்கும் படை அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகாது. இருக்கிற வரைபடமும் இயற்கைக்குக் கட்டுப்படாது. 2014 மே மாதம் பொஸ்னியாவில் வெள்ளமும் நிலச்சரிவும் வந்தபோது, 1990-களின் போரில் புதைத்த கண்ணிவெடிகள் இடம்பெயர்ந்தன. எச்சரிக்கைப் பலகைகளும் நீரோடு போயின. அதுவரை பயமில்லாமல் நடந்த பாதையில் கால் வைக்க மக்கள் அஞ்சினார்கள்.

எல்லையோர மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதன் செலவில் நட்பு நாடுகள் தாராளமாகப் பங்கெடுக்கட்டும். ஒப்பந்தத்தில் நிற்கும் நாடுகள், விலகியவர்களை ஒதுக்கிவிடாமல் திரும்பி வரச் சொல்லித் தொடர்ந்து பேச வேண்டும். இதுவரை சேராத நாடுகளில் வாழும் நாம், நம் பிரதிநிதிகளிடம் ஏன் சேரவில்லை என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நன்றி. வணக்கம்.