எந்த வாசல் வழியா வந்தோம்? அமெரிக்காவுல எந்தச் சமூகம் வசதியா இருக்குன்னு பார்க்கிற கணக்கு

வணக்கம் மக்களே. ஒஹாயோ மாநிலம், கொலம்பஸ்ல இருந்து பேசுறேன். வெளியில பனி இன்னும் உருகல, அதனால இன்னைக்கு அடுப்படி மேசையிலயே கேமராவை வச்சுட்டேன்.

போன வாரம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் வந்துச்சு. உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்காவுல எந்த நாட்டு வம்சாவளிக்கு எவ்வளவு குடும்ப வருமானம்னு பட்டை பட்டையா போட்டிருக்கும். உச்சியில இந்தியர். கீழ இறங்கிக்கிட்டே போனா நேபாளி, பர்மாக்காரங்க. "உழைப்பு நம்ம ரத்தத்துலயே இருக்கு"ன்னு ஒரு சித்தப்பா எழுதியிருந்தார். அவர் நல்ல மனுஷன், நாலு பேருக்கு உதவுறவர். ஆனா அந்த வரியைப் படிச்சதும் எனக்கு ஒரு அக்கா ஞாபகம்தான் வந்துச்சு.

நான் சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு நூலகத்துல இலவசமா வருமான வரி ஃபைல் பண்ணிக் குடுக்கிற வேலைக்குப் போறேன். அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ் ஆதரவுல நடக்குற தன்னார்வத் திட்டம், சுருக்கமா 'வீட்டா' (VITA)ன்னு சொல்வாங்க. குறைஞ்ச வருமானக்காரங்களுக்கானது. இந்த சீசன்ல ஒரு தமிழ் அக்கா வந்தாங்க. ஐம்பது வயசு தாண்டியிருக்கும். உணவகத்துல சமையல் வேலை. அண்ணன் ஸ்பான்சர் பண்ணி, பன்னெண்டு வருஷம் காத்திருந்து வந்தவங்க. அவங்க டபிள்யூ-2, அதாவது வருஷச் சம்பளச் சீட்டு, இருபத்து நாலாயிரம் டாலர் காட்டுச்சு. வலது கையில எண்ணெய் தெறிச்ச தழும்பு வரிசையா இருந்துச்சு, கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். அவங்க போன்லயும் இதே படம் இருந்துச்சு. காட்டிட்டுக் கேட்டாங்க: "ஏம்மா, இந்தக் கணக்குல நானும் இருக்கேனா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வீடியோ.

முதல்ல படம் பொய் இல்ல. எண்கள் நிஜம். பியூ ஆய்வு மையம் வெளியிட்டதுல, 2019-ல இந்திய வம்சாவளிக் குடும்பங்களோட இடைநிலை வருமானம் 1,19,000 டாலர். ஆசிய வம்சாவளி மொத்தமா சேர்த்தா 85,800. அமெரிக்கா முழுசும் 61,800. நேபாளிகள் 55,000, பர்மாக்காரங்க 44,400. 2023-ல இந்தியக் குடும்பங்களுக்கு அது 1,51,200 ஆயிடுச்சு. இடைநிலைன்னா என்னன்னா, எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா நிக்க வச்சா சரியா நடுவுல நிக்கிற வீடு. அந்த ஒரு வீட்டோட வருமானத்தைத்தான் ஒரு சமூகத்துக்கே பேரா வச்சிடுறோம்.

"குடும்ப வருமானம்"ங்கிற சொல்லையே கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். அதே நூலகத்துல ஒரு நேபாளி பேசுற குடும்பம் வந்துச்சு. அனுமதி கேட்டுட்டுத்தான் சொல்றேன், தொகையும் ரவுண்ட் பண்ணிட்டேன். அப்பா கிடங்குல பெட்டி அடுக்குற வேலை, 31,000. அம்மா ஹோட்டல்ல அறை சுத்தம் பண்றாங்க, 24,000. பெரிய பையன் இன்னொரு கிடங்குல ராத்திரி ஷிப்ட், 36,000. மருமக 27,000. நாலு சம்பளச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில சுருட்டாம மடிக்காம பத்திரமா கொண்டு வந்திருந்தாங்க. மொத்தம் கூட்டுங்க: 1,18,000 டாலர். அந்தப் பட்டைப் படத்துல இந்த வீடு 2019-ஓட இந்திய நடு வீட்டுக்குப் பக்கத்துல போய் உட்காரும். ஆனா வீட்டுல பாட்டி, ரெண்டு பேரக்குழந்தைன்னு சேர்த்து ஏழு பேர். தலைக்கு 17,000-கூட வரல. தனியா ஒரு அபார்ட்மென்ட்ல இருந்துக்கிட்டு 1,15,000 வாங்குற ஒரு சாஃப்ட்வேர் பையன் அந்தப் படத்துல இவங்களுக்குக் கீழ இருப்பான்.

அப்போ எத்தனை பேர் சம்பாதிக்கிறாங்க, எத்தனை பேர் சாப்பிடுறாங்கன்னு பார்க்காம வெறும் குடும்ப வருமானத்தை வச்சு ஒப்பிட்டா தப்பாத்தான் போகும். ஊரும் முக்கியம். ஆசிய மக்கள் நிறைய பேர் கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சின்னு வாடகை எகிறுற இடங்கள்ல இருக்காங்க. அதே டாலர் அங்க அவ்வளவு தூரம் ஓடாது.

சரி, யாரை எந்தப் பேர்ல எண்ணுறாங்க? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல "உங்க பூர்வீகம் என்ன"ன்னு முதல் தடவையா கேட்டது 1980-ல. மக்கள் அவங்களே எழுதணும். பக்கத்துல உதாரணத்துக்குன்னு சில பேர் அச்சடிச்சிருக்கும். 1980-ல அந்த உதாரணத்துல 'இங்கிலீஷ்' இருந்துச்சு. 4 கோடியே 96 லட்சம் பேர் இங்கிலீஷ் பூர்வீகம்னு எழுதினாங்க. 1990 படிவத்துல அந்தச் சொல்லை எடுத்துட்டு, 'ஜெர்மன்'னு முதல்ல போட்டாங்க. இங்கிலீஷ் 3 கோடியே 27 லட்சமா விழுந்துச்சு, ஜெர்மன் 5 கோடியே 80 லட்சமா ஏறுச்சு. பத்து வருஷத்துல ஒன்றரைக் கோடிக்கும் மேல இங்கிலீஷ்காரங்க எங்கேயும் போயிடல. படிவத்துல ஒரு வார்த்தை போச்சு, அவ்வளவுதான். 2020-ல வெள்ளையர் கட்டத்துக்குக் கீழ இங்கிலீஷ்ங்கிற உதாரணம் இருந்துச்சு, மறுபடியும் அதுவே முதலிடம்.

இப்ப அந்த ஏழு பேர் குடும்பத்துக்கு வாங்க. அவங்க பூட்டான்காரங்க. தெற்கு பூட்டான்ல தலைமுறையா இருந்த நேபாளி பேசுற மக்களை 1990-கள் தொடக்கத்துல விரட்டிட்டாங்க. கிழக்கு நேபாளத்துல முகாம்ல பதினஞ்சு இருபது வருஷம் கிடந்து, 2008-ல இருந்து அமெரிக்காவுக்கு வந்தாங்க. தொண்ணூறாயிரத்துக்கும் மேல வந்தாங்க, கொலம்பஸ்ல பெரிய கூட்டமே இருக்கு. படிவத்துல என்ன எழுதுவாங்க? பலர் நேபாளின்னுதான். காத்மாண்டுல இருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்து வேலைக்குப் போன பொண்ணும் நேபாளிதான். அந்த 55,000 டாலர் இந்த ரெண்டு பேரையும் ஒரே கரண்டியில அள்ளின எண்.

இதுக்கு நேர் எதிராவும் நடக்குது. மெக்சிகோ வம்சாவளியைப் பத்தி பிரையன் டங்கன், ஸ்டீபன் ட்ரேஹோன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ஞ்சிருக்காங்க. படிச்சு மேல வர்ற மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைங்க வேற இனத்துல கல்யாணம் பண்ணிக்கிறது அதிகம். அவங்க பிள்ளைங்க படிவத்துல மெக்சிகன்னு எழுதுறது குறைஞ்சுடுது. மேல ஏறினவங்க கணக்கை விட்டே வெளியேறிடுறாங்க. மிச்சம் இருக்கிறவங்களைப் பார்த்து "மூணு தலைமுறை ஆகியும் முன்னேறல"ன்னு ஊர் பேசுது.

இப்ப சித்தப்பா சொன்ன ரத்தம்.

25 வயசுக்கு மேற்பட்ட அமெரிக்க இந்தியர்ல 75 சதவீதம் பேருக்கு 2019-ல பட்டப்படிப்பு இருந்துச்சு. அமெரிக்காவுல மொத்தமா மூணுல ஒரு பங்குதான். இந்தியாவுல அதுக்கும் ரொம்பக் கீழ. அப்போ இங்க வந்தது இந்தியாவோட ஒரு பிடி இல்ல, சலிச்சு எடுத்த பிடி. தேவேஷ் கபூர், சஞ்சய் சக்ரவர்த்தி, நிர்விகார் சிங்னு மூணு பேர் இதை மூணு சல்லடையா விளக்குறாங்க. ஊர்ல சாதி, வசதின்னு படிக்க வழி உள்ளவங்க முதல் சல்லடை. நுழைவுத் தேர்வு, பொறியியல் கல்லூரி ரெண்டாவது. அமெரிக்க விசா மூணாவது. படிச்சவங்க வேலைக்கு வர்ற ஹெச்-1பி விசா வருஷத்துக்கு 65,000, அதோட இங்க மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு 20,000. அடிப்படைத் தகுதியே பட்டப்படிப்பு. வாசல்லயே டிகிரி கேட்டு உள்ள விட்டுட்டு, உள்ள வந்தவங்கள்ல டிகிரி அதிகமா இருக்குன்னு பெருமைப்பட என்ன இருக்கு?

இதைச் சொன்னா "நாங்க கஷ்டப்படலையா"ன்னு கமெண்ட் வரும். கஷ்டப்பட்டோம். நானும் எஃப்-1ல, அதாவது மாணவர் விசாவுல வந்து, ஹெச்-1பி குலுக்கல்ல ரெண்டு தடவை விழுந்து எழுந்தவதான். ஆனா அந்த பூட்டான் அப்பா எந்த வாசல் வழியா வந்தார்னு பாருங்க. அகதிகளுக்கு வர்ற விமான டிக்கெட்டே கடன். வட்டி கிடையாது, ஆனா வந்து சில மாசத்துல கட்ட ஆரம்பிக்கணும். எனக்குக் கல்லூரி அட்மிஷன் கடிதம் இருந்துச்சு, அவருக்கு டிக்கெட் கடன் இருந்துச்சு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல பட்டையா வரைஞ்சு யார் உழைப்பாளின்னு கேட்கிறது எனக்கு மனசு ஒப்பல.

நம்ம ஆளுங்களையே எடுத்துக்குங்க. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து 19-ஆம் நூற்றாண்டுல கங்காணி கூட்டிக்கிட்டுப் போய் இலங்கைத் தோட்டத்துல விட்ட மக்கள். 1948-ல குடியுரிமைச் சட்டம் போட்டு அவங்களை நாடற்றவங்களா ஆக்கினாங்க. லயத்துல, பத்துக்குப் பன்னெண்டு அறையில தலைமுறையா இருந்தாங்க. அவங்க ரத்தமும் நம்ம ரத்தம்தான். காலையில பனியில கொழுந்து கிள்ளுறவங்களை விட நான் உழைக்கிறேன்னு என்னால சொல்ல முடியாது.

இன்னொரு பேச்சு நம்ம வீட்டு விருந்துகள்ல அடிக்கடி கேட்கிறேன். "நாம வந்து முப்பது வருஷத்துல வீடு வாங்கிட்டோம், கறுப்பின மக்கள் இத்தனை காலமா இங்கதானே இருக்காங்க?" இதுக்கு வருமானத்தைப் பார்க்காதீங்க, சொத்தைப் பாருங்க. 2022-ல அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்குல, வெள்ளையர் குடும்பத்தோட இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. சொத்துங்கிறது பெரும்பாலும் தாத்தா வாங்கின வீடு. 1930-கள்ல அரசாங்க நிறுவனமே நகர வரைபடத்துல கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களைச் சிவப்பா தீட்டி, கடன் குடுக்க ஆபத்தான இடம்னு குறிச்சுச்சு. கொலம்பஸ் வரைபடமும் இருக்கு. கிழக்குப் பக்கம் சிவப்பா தீட்டின தெருக்கள் வழியா நான் காரை ஓட்டிப் பார்த்திருக்கேன்.

நாம எப்படி வந்தோம்? 1917 சட்டம் ஆசியாவோட பெரும்பகுதிக்கு கதவைச் சாத்துச்சு. 1923-ல பகத் சிங் திண்ட் வழக்குல இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியில்லன்னு உச்ச நீதிமன்றமே சொல்லுச்சு. 1946-ல தான் குடியுரிமை வாங்க வழி கிடைச்சது, ஆனா இந்தியாவுல இருந்து புதுசா குடியேற வருஷத்துக்கு நூறு பேர்தான் ஒதுக்கீடு. நூறு பேர்! 1965 அக்டோபர் 3-ஆம் தேதி சுதந்திரதேவி சிலை அடியில ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் நாட்டு வாரி ஒதுக்கீட்டை ஒழிச்சுச்சு. அதுக்கு முந்தின வருஷம் இனப் பாகுபாட்டைத் தடை செஞ்ச குடிமை உரிமைச் சட்டம், அதே வருஷம் வாக்குரிமைச் சட்டம். தெருவுல அடி வாங்கிப் போராடினது கறுப்பின மக்கள். அந்தக் காத்துலதான் நம்ம கதவும் திறந்துச்சு. அவங்களோட நம்மளை ஒப்பிட்டுப் பேசும்போது இது ஞாபகத்துல இருக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

நம்பிக்கை தர்ற விஷயமும் ஒண்ணு இருக்கு. ரான் ஆப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்டான்னு ரெண்டு பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலான பதிவுகளை ஆளுக்கு ஆள் இணைச்சுப் பார்த்தாங்க. ஏழையா வந்து குடியேறினவங்களோட பிள்ளைங்க, அதே அளவு ஏழ்மையில வளர்ந்த அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைங்களை விட மேல ஏறுறாங்க. அன்னைக்கு ஐரோப்பாவுல இருந்து வந்தவங்க பிள்ளைங்களும் சரி, இன்னைக்கு மத்திய அமெரிக்கா, ஆசியாவுல இருந்து வர்றவங்க பிள்ளைங்களும் சரி, கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் இதே கதைதான். அந்த பூட்டான் வீட்டுப் பேரக்குழந்தைகளை நினைச்சுக்கிட்டேன்.

அக்கா கேள்விக்கு வர்றேன். கணக்குல நீங்க இருக்கீங்கக்கா. 2019-ல அமெரிக்க இந்தியர் சுமார் 46 லட்சம். அதுல 6 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழ. ஆசியர்ல ரொம்பக் குறைஞ்ச விகிதம்னு இதைத்தான் பெருமையா சொல்வாங்க. பெருக்கிப் பாருங்க: கிட்டத்தட்ட 2 லட்சத்து 75 ஆயிரம் பேர். பர்மாக்காரங்கள்ல நாலுல ஒருத்தர் வறுமையில. ஆனா அமெரிக்காவுல அன்னைக்கு இருந்த மொத்த பர்மாக்காரங்களே 2 லட்சத்தைத் தொடல. அதாவது, அந்தப் பட்டைப் படத்தோட அடியில இருக்கிற சமூகத்தோட மொத்த எண்ணிக்கையை விட, உச்சியில இருக்கிற சமூகத்துல ஏழைங்க அதிகம். பெட்ரோல் பங்க்ல ராத்திரி முழுக்க நிக்கிறவர், டாக்ஸி ஓட்டுறவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து மருத்துவக் காப்பீடு இல்லாம இருக்கிற அம்மா, உணவகத்து அடுப்படியில நிக்கிற அக்கா. இந்தியர்னா வசதியானவங்கன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டதால, அவங்களுக்கு உதவி வேணுமான்னு யாரும் கேட்கிறதில்ல. அவங்களும் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுறாங்க. அந்த அக்கா மூணு வருஷமா ஃபைலிங்குக்குக் காசு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இலவசமா பண்ணலாம்னு ஒருத்தர்கூட அவங்ககிட்ட சொல்லல.

அவங்களுக்கு இந்த வருஷம் ரீஃபண்டு வருது. கேட்டதும் முதல்ல குளிர்கால பூட்ஸ் வாங்கணும்னாங்க.

ஏப்ரல் 15 கடைசி நாள். கொலம்பஸ் பக்கம் யாருக்காவது தெரிஞ்சவங்க இருந்தா நூலகத்துக்குப் போன் பண்ணி நேரம் வாங்கச் சொல்லுங்க. சமூகப் பாதுகாப்பு அட்டை, போட்டோ அடையாள அட்டை, எல்லாச் சம்பளச் சீட்டும் கொண்டு வரணும். அடுத்த சீசனுக்குத் தன்னார்வலர் பயிற்சி ஆன்லைன்லயே இலவசம், ஒரு தேர்வு எழுதணும். தமிழ் பேசுறவங்க எங்க மேசையில இப்ப நான் ஒருத்திதான். நேபாளிக்கு ஒரு காலேஜ் பையன் வர்றான், சோமாலிக்கு ஆள் தேடிக்கிட்டே இருக்கோம். வர முடிஞ்சவங்க கமெண்ட்ல உங்க ஊரை மட்டும் போடுங்க, பக்கத்துல எந்த மையம் இருக்குன்னு நான் பார்த்துச் சொல்றேன்.