பகா எண்ணும் பூட்டிய அறையும்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, மழையிலும் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, மைக் செட் தம்பி உள்ளிட்ட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. போன ஆண்டு போர்த்தியதே இன்னும் பீரோவில் இருக்கிறது.

மூன்று விஷயம் பேச வந்தேன்: 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணில் பெரியது எது, அதை எப்படிச் சோதிக்கிறார்கள், அதனால் என்ன பயன்.

13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி 1 கழியுங்கள். இன்று நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 4,10,24,320 இலக்கங்கள். விநாடிக்கு ஒன்றாக வாசித்தால் 474 நாள் தாண்டும். தலைவர் எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேயாத கல்லும் உண்டு, அதுதான் பகா எண். ஆனால் தேயுமா தேயாதா என்று பார்க்கவே எறும்பு ஊர வேண்டும்!

2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்தால் பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி சொல்லிவிட்டார். இல்லை என்று 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிறுவினார். எதனால் வகுபடும் என்பதுதான் தெரியவில்லை. 1903 அக்டோபர், நியூயார்க்கில் கணித சங்கக் கூட்டம். ஃபிராங்க் கோல் என்ற கணிதப் பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். தலைவருக்கு வணக்கம் சொன்னாரா தெரியாது, வாயே திறக்கவில்லையாம். ஒரு பக்கம் 2-ஐப் பெருக்கிக்கொண்டே போய் 1 கழித்தார்: 21 இலக்கம். மறுபக்கம் 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று எழுதி, கையாலேயே பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று! சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். கைதட்டல் அடங்கவில்லையாம். எத்தனை நாள் ஆயிற்று என்று பிறகு கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். எறும்பு ஊரக் கல்லும் தேயும்!

சரி, சோதனைக்கு வருவோம். 31-ஐ எடுங்கள். அது ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள்: 14. மறுபடியும்: 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அந்த 8-ஐ மறுபடியும் அப்படியே செய்தால்: 62. இப்போது 31-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. மூன்றே படி, கடைசியில் மீதி வரவில்லை, ஆகவே 31 பகா எண். பெரிய எண்ணுக்கும் இதே வேலைதான், படிகள்தான் பதின்மூன்றரைக் கோடிக்கு மேல்.

அதைச் செய்வது கணினி. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகம் ஒன்றில் கர்டிஸ் கூப்பர் என்ற பேராசிரியர், வளாகத்துக் கணினிகளிலேயே இதை ஓடவிட்டு, சாதனை எண்களைப் பிடித்தார். ஒரு முறை 2015 செப்டம்பரிலேயே கணினி கண்டுபிடித்துவிட்டது. 2016 ஜனவரி வரை ஒருவரும் கவனிக்கவில்லை. நம் பக்கத்துப் பள்ளிகளில் கவனிக்காமல் விட, கணினி முதலில் ஓட வேண்டுமே! அறைக்குப் பூட்டு, சாவி பீரோவில், பீரோ சாவி லீவில் போன சாரிடம். பிள்ளை எறும்பாக ஊரத் தயார். கல்லைக் காட்டுங்கள் ஐயா!

பயனைப் பற்றி நேரமில்லை, ஊராட்சித் தலைவர் கடிகாரம் பார்க்கிறார். மாலை 4 முதல் 6 வரை கணினி அறையைத் திறந்துவைக்கக் கேட்டு ஒரு மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து தலைமை ஆசிரியை அம்மாவுடையதாக இருக்கட்டும்.