ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்: 2024ல நான் பார்த்த படங்கள்

(ஆரணியில டிசம்பர் 29, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்குதுங்களா? சரி.

முதல்ல தலைமை ஏத்திருக்குற எங்க தமிழ் ஐயாவுக்கு என் வணக்கம். ஒன்பதாவது படிக்கும்போது நான் மத்தியானம் கிளாஸ் கட் அடிச்சுட்டு மேட்னி போய் மாட்டிக்கிட்டேன், மறுநாள் ஐயா கூப்பிட்டாரு, முதுகு பழுக்கப் போகுதுன்னு நின்னேன், அவரு பிரம்பைக் கீழ வெச்சுட்டு "சரி, பாத்த கதையைச் சொல்லு, ஒழுங்காச் சொல்லணும்"னாரு. அன்னிக்கு வகுப்பு முன்னாடி நின்னு சொன்ன கதைதான் நான் பேசின முதல் பேச்சு. ஐயா முன்னாடியே இன்னிக்கு மறுபடி படத்தைப் பத்திப் பேசுறது எனக்குப் பெரிய விஷயம்.

லீவு நாள்ல வந்து ஹாலைத் திறந்து, நாற்காலி போட்டு, ஃபேன் ரிப்பேர்னதும் சொந்தக் காசுல ஆள் கூட்டியாந்து சரி பண்ண நூலகர் அம்மாவுக்கு நன்றி. டீ, பிஸ்கட் செலவை ஏத்துக்கிட்ட பட்டு வியாபாரி அண்ணனுக்கு நன்றி. கவுன்சிலர் அக்கா கிளம்பிட்டாங்களாம், வந்ததும் முன் வரிசையில இடம் விடுங்க. தறி வேலையை நிறுத்திட்டு வந்திருக்குற நெசவாளர் அண்ணன்மாருங்க, அக்காமாருங்க, காலேஜ் பசங்க எல்லாருக்கும் வணக்கம். மூணாவது வரிசையில பச்சைத் துண்டு போட்டு ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு, அவரைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். இந்த வருஷம் பிடிச்ச படங்கள், ஏமாத்தின படங்கள், அப்புறம் இந்த வருஷத்துப் பாட்டுங்க.

எங்க ஆயா அடிக்கடி ஒண்ணு சொல்லும், ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு. சோறு பொங்குற வரைக்கும் அடுப்பு முன்னாடியே உக்காந்திருப்பான், இறக்கி வெச்சதும் கையை விட்டுச் சுட்டுக்குவான். இந்த வருஷம் படம் எடுத்தவங்களையும் பாத்தேன், ஓட்டினவங்களையும் பாத்தேன், பாத்த நம்மளையும் பாத்தேன், எனக்கு ஆயா சொன்னதுதான் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு.

பிடிச்சதுல இருந்து ஆரம்பிக்குறேன். லப்பர் பந்து. நேத்தோட விஜயகாந்த் போய் ஒரு வருஷம், அவரு பாட்டு அந்தப் படத்துல தினேஷ் மட்டையோட இறங்கும்போது வரும் பாருங்க, தியேட்டர்ல என் பக்கத்துல ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மாமனாரும் மருமகனும் ஒரே கிரவுண்டுல மோதுற கதை, கேக்கச் சாதாரணமா இருக்கும், ஆனா அதுக்குள்ள யாரை டீம்ல சேக்குறது யாரை வெளிய நிறுத்துறதுங்குற சாதிக் கணக்கையும் கத்தாம சொல்லிட்டாரு தமிழரசன் பச்சமுத்து. அவருக்கு இது முதல் படம். சுவாசிகா டிராக்டரை ஏத்திக் கிரிக்கெட் பிட்ச்சை உழுதுட்டுப் போவாங்களே, புருஷன் வீட்டுக்கு வராம மேட்ச் மேட்ச்னு திரியுற எந்தப் பொம்பளையும் அந்த சீனுக்குக் கை தட்டுவா. எங்க வீட்டுல தட்டினாங்க.

அதே கிரிக்கெட்தான் ஜனவரியில வந்த ப்ளூ ஸ்டார்லயும், நம்ம பக்கத்து ஊரு அரக்கோணம், காலனி டீமும் ஊர் டீமும். ரெண்டையும் ஒரே வருஷத்துல பாத்தது நமக்குக் கிடைச்ச கொடுப்பினை. மகாராஜாவைப் பத்தி நான் புதுசாச் சொல்ல ஒண்ணும் இல்ல, ஒரு குப்பைத் தொட்டியை வெச்சு ஆரம்பிச்சு கடைசியில நெஞ்சைப் பிடிக்க வெச்சாங்க. அமரன்ல சாய் பல்லவி. அவ்வளவுதான், பேரைச் சொன்னாலே போதும்.

வாழை கொஞ்சம் நின்னு பேச வேண்டிய படம். மாரி செல்வராஜ் தன்னோட சின்ன வயசுல பட்டதைத்தான் எடுத்திருக்காரு, வாழைத்தார் சுமந்த கூலி, அந்த லாரி கவுந்தது. கடைசியில ஊரே அழுதுட்டிருக்கும்போது அந்தப் பையன் பசி தாங்காம வீட்டுக்குள்ள போய் சோத்துப் பானையைத் தேடுவான். சாவு வீட்டுல பசிக்குதுன்னு சொல்ல முடியாம நின்ன பிள்ளைங்க நம்மள்ள எத்தனை பேரு இருக்கோம்? எங்க அப்பா செத்த அன்னிக்கு சாயந்திரம் எனக்குப் பசிச்சுது. முப்பது வருஷமா அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, அந்த சீன் பாத்த அன்னிக்குத்தான் என் சம்சாரத்துகிட்ட சொன்னேன்.

மெய்யழகன். ஒரு ராத்திரி முழுக்க ரெண்டு பேரு பேசிட்டே இருக்காங்க, ஒருத்தருக்கு இன்னொருத்தர் பேரே ஞாபகம் இல்ல. என்னிக்கோ விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்குன்னு தெரிஞ்சதும் அரவிந்த்சாமி முகம் மாறும், அதை நான் ரெண்டு தடவை போய்ப் பாத்தேன். ஆனா ரெண்டாவது தடவை போனப்ப படம் சின்னதாயிடுச்சு. செப்டம்பர் 27 ரிலீஸ், மூணு நாலு நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டிட்டாங்க, நீளமா இருக்குன்னு ஜனங்க சொல்றாங்கன்னு. யாரு சொன்னா? முதல் நாள் பாத்தவங்க சொன்னாங்க. சொந்த ஊரைவிட்டுப் போன மனுஷன் திரும்பி வந்து ஒரு ராத்திரி உக்காந்து பேசுறான், அந்தப் பேச்சு நீளமாத்தானே இருக்கும்? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும். டைரக்டர் பிரேம்குமார் வருஷக்கணக்குல மனசுல வெச்சிருந்து ஆக்கினதுக்கு ஒரு வாரம் பொறுக்கலையே நாம.

இப்ப ஏமாத்தம். மனசு கஷ்டப்பட்டுத்தான் சொல்றேன், இவங்க எல்லாம் நான் கொண்டாடின ஆளுங்க. 1996ல இந்தியன் வந்தப்ப எங்க அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிக் கூட்டத்துல நுழைஞ்சு டிக்கெட் எடுத்தாரு. லஞ்சம் வாங்குற கையைப் பாத்தா அந்தத் தாத்தா வருவாருன்னு ரொம்ப நாள் நம்பினேன். ஜூலைல இந்தியன் 2 பாத்தப்ப அந்தத் தாத்தா அதுல இல்ல. வர்மக்கலை இருக்கு, மேக்கப் இருக்கு, மகனையே தண்டிச்ச அந்த மனுஷனோட வலி இல்ல. அதையும் ஒரு வாரம் ஆகுறதுக்குள்ள 12 நிமிஷம் வெட்டினாங்க, ஆனா அங்க குறை நீளத்துல இல்லையே. வெட்டினதால சரியாகுற படமும் இருக்கலாம், அது எடிட்டிங் டேபிள்ல நடக்க வேண்டிய வேலை.

கங்குவா. சூர்யா அவ்வளவு உழைச்சிருக்காரு, கண்ணுக்குத் தெரியுது, காதுதான் தாங்கல. ஆளாளுக்குக் கத்துறாங்க, அதுக்கு மேல மியூசிக், சத்தத்தை ரெண்டு பாயிண்ட் குறைச்சு வைங்கன்னு தியேட்டர்காரங்களுக்குத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டியதாச்சு. தங்கலான் எனக்கு வேற மாதிரி வருத்தம். நம்ம வட ஆற்காட்டு ஜனங்க, தங்கச் சுரங்கத்துக்குப் போனவங்க கதை, நம்ம தாத்தன் பாட்டன் பேசின பேச்சு. ஆசையா எங்க பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். பாதி வசனம் காதுல விழல, பெரியம்மா "இன்னா சொல்றான் இன்னா சொல்றான்"னு கேட்டுட்டே இருந்துச்சு. விக்ரமும் பார்வதியும் உயிரைக் குடுத்திருக்காங்க, முதல் பாதி நெல் வயலை மறக்க மாட்டேன், ஆனா நம்ம பேச்சை நமக்கே கேக்க வெச்சிருக்கணும். விடுதலை ரெண்டாம் பாகம் இப்பதான் வந்திருக்கு, இன்னொரு வாட்டி பாத்துட்டுத்தான் வாய் திறப்பேன்.

இப்ப ஜமாவுக்கு வர்றேன். மூணாவது வரிசைப் பெரியவர் கதையும் இதுதான்.

ஆகஸ்ட் 2 வெள்ளிக்கிழமை ஜமா ரிலீஸ். நம்ம திருவண்ணாமலை ஜில்லா மண்ணு, நம்ம தெருக்கூத்து, இளையராஜா இசை. பாரி இளவழகன் எழுதி இயக்கி அவரே நடிச்சிருக்காரு, பொம்பள வேஷம் கட்டுற ஒரு கூத்துக்காரன் சொந்தமா ஜமா, அதான் கூத்துக் குழு, நடத்தணும்னு நிக்குற கதை. நம்ம பக்கத்து ஒரு ஊர்ல ஒரு தியேட்டர்ல போட்டிருந்தாங்க, ஊர் பேரு வேணாம், ஒரு நாளைக்கு ஒரே ஷோ, காலையில பதினோரு மணி. ஞாயித்துக்கிழமை போனேன், அன்னிக்கு ஆடி அமாவாசை. கவுண்டர்ல ஏழு பேரு நிக்குறோம். டிக்கெட் குடுக்குற தம்பி "பத்து பேரு சேந்தாதான் ஷோ போடுவோம், இல்லன்னா கேன்சல்"னுடுச்சு. மணி பத்து அம்பது.

நான் என்ன பண்ணேன், வண்டியை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீக்கடையில ஒரு தம்பி பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தான், "டிக்கெட் என் செலவு, படம் பாக்க வர்றியா"ன்னேன், முழிச்சான், அப்புறம் வரேன்னான். வேர்க்கடலை விக்குற அண்ணன், "கூடையை எங்க வெக்கிறது"ன்னாரு, தியேட்டருக்குள்ளயே வெச்சுக்கலாம் வாங்கன்னு கூட்டிக்கிட்டேன். இன்னும் ஒரு ஆள் வேணும். சிமெண்ட் பெஞ்ச் ஓரத்துல ஒரு பெரியவர் தகரப் பெட்டிமேல தலையை வெச்சுப் படுத்திருந்தாரு. கிட்ட போய்ப் பாத்தா காது மடல் பின்னாடியும் புருவத்துலயும் சிவப்பு ஒட்டிட்டிருக்கு. அரிதாரம். முந்தின நாள் ஆடிப்பெருக்கு, ஏதோ ஊர்ல விடிய விடிய கூத்தாடிட்டு முகத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு அரைகுறையாத் துடைச்சுட்டு பஸ்ஸுக்குப் படுத்திருக்காரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சுங்க. "ஐயா, கூத்துப் படம் போட்டிருக்காங்க, வாங்க"ன்னேன். "கூத்தையா? சினிமாவுலயா? போட்டுட்டானா?"ன்னு எழுந்து பெட்டியைத் தூக்கிட்டாரு.

ஒரே வண்டியில ரெண்டு ட்ரிப் அடிச்சேன். பத்து பேர் ஆச்சு. ஷோ போட்டாங்க. ராத்திரி முழுக்கக் கண் முழிச்சவரு, ஃபேன் காத்துல தூங்கிடுவாருன்னு நெனச்சேன். முதல் மத்தளச் சத்தம் வந்ததும் நிமிந்து உக்காந்தவருதான், சீட்டுக் கைப்பிடிமேல விரல் தாளம் போட ஆரம்பிச்சுது, கடைசி வரைக்கும் நிக்கல. அடிகள் தப்பலன்னு ரெண்டு தடவை அவருக்கு அவரே சொல்லிக்கிட்டாரு. அந்தப் பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்ற இடத்துல மட்டும் விரல் நின்னுச்சு. வெளிய வந்து வேர்க்கடலை வாங்கிக் குடுத்தேன், கையில வெச்சுக்கிட்டே சொன்னாரு, "நான் இருபத்தெட்டு வருஷம் பாஞ்சாலி கட்டினேன் தம்பி. பொம்பள வேஷக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எனக்கு முப்பத்தாறு வயசுலதான் கல்யாணம்." அப்புறம் கேட்டாரு, "இது எத்தினி நாள் ஓடும்? புதன்கிழமை கூத்து இல்ல, எங்க ஜமா ஆளுங்களைக் கூட்டியாறேன்."

கூட்டியாந்தாரு. அவரோட சேத்து ஆறு பேரு, மத்தளக்காரரு, ஆர்மோனியக்காரரு, கட்டியக்காரன் வேஷம் போடுறவரு, எல்லாரும் துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு. நானும் போனேன். ஜமா போஸ்டர்மேல வேற போஸ்டர் ஒட்டியிருந்துச்சு, பசை கூட காயல. பெரியவர் அந்த ஈரப் போஸ்டரைத் தொட்டுப் பாத்துட்டு "அதுக்குள்ளயா?"ன்னாரு. நான் என்ன சொல்றது? ஏழு பேரும் டீ குடிச்சுட்டு பஸ் ஏறிட்டோம்.

இதைத்தான் நான் ஊர் ஊராச் சொல்லிட்டிருக்கேன். சின்னப் படத்துக்கு ரெண்டாவது வாரம் வேணும், சனி ஞாயிறுல ஒரு ஃபர்ஸ்ட் ஷோ வேணும். நம்ம ஊர்ல காலை பதினோரு மணிக்கு யாரு வருவா? அது தறிக்குழியில கால் இருக்குற நேரம். பத்து பேரு வரலன்னு சொல்றீங்களே, வர முடியாத நேரத்துல போட்டுட்டு வரலன்னு சொன்னா எப்படி? ஏப்ரல்ல கில்லி மறுபடி வந்துச்சு, இருபது வருஷத்துப் படம், ஈவினிங் ஷோ குடுத்தாங்க, நானும் போய் ஆடினேன், சந்தோஷம். பழைய படத்துக்குக் குடுக்க முடியுற மணியைப் புதுசா வர்ற பையனுக்கு வாரத்துல ரெண்டு நாள் குடுக்க முடியாதா? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும். லப்பர் பந்தே முதல் நாள் பெருசா கூட்டம் இல்ல, பாத்தவன் சொல்லி அடுத்தவன் வந்து வாய் வழியாவே ஏறின படம். வாய் வழியா பேச்சு பரவ ஒரு வாரமாவது ஆகும். புதன்கிழமை தூக்கிட்டா யார் சொல்லி யார் வர்றது?

வாழை வந்த அதே ஆகஸ்ட் 23தான் கொட்டுக்காளியும் வந்துச்சு. வினோத்ராஜ் படம், பெர்லின் வரைக்கும் போன படம், பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும்தான். நம்ம ஜனங்களுக்குப் புரியாதுன்னு சொன்னாங்க. அதைப் புரிஞ்சுக்கவும் ஒரு வாரம் கேக்குது.

தியேட்டர்காரங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க. கரண்ட் பில்லு, ஆள் சம்பளம், முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பங்கு ஜாஸ்தி, நாலு வாரத்துல ஓடிடி வந்துடுது, அவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். அதனால நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணு செய்யணும். டெலிகிராம்ல பாக்குறதை விடுங்க. மாசம் ஒரு சின்னப் படம், அம்பது பேரு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துக்குறோம்னு எழுதிக் குடுத்தா தியேட்டர் ஓனர்கிட்ட நானே போய்ப் பேசுறேன், ஐயாவும் கூட வரேன்னு சொல்லியிருக்காரு.

ஐயா சீட்டு அனுப்பிட்டாரு, பாட்டு பத்திப் பேச நேரம் இல்லையாம். கதவுக்கிட்ட நீல அட்டை நோட்டு ஒண்ணு இருக்கு, பேனா கட்டித் தொங்குது, பேரும் தெருவும் மட்டும் எழுதுங்க, போன் நம்பர் வேணாம். இப்ப வரைக்கும் முப்பத்தொரு பேரு எழுதியிருக்காங்க. கவுன்சிலர் அக்கா வந்துட்டாங்க, வணக்கம்கா, நீங்களும் ஒரு கையெழுத்து.

பாட்டுக்கு நான் எதுக்கு, பாஞ்சாலி கட்டினவரே வந்திருக்காரு. பெரியவரே, மேடைக்கு வாங்க. தம்பி, அவரு கையைப் பிடிச்சுக்கோ, ரெண்டாவது படி ஆடும்.