எண்ணூர் கரையில் ஒதுங்கிய கறுப்பும் கண்ணில் படாத மீத்தேனும்

(காட்சி: எர்ணாவூர் கடற்கரை. பாறைகளுக்கு நடுவே கறுப்புக் குழம்பு தளும்புகிறது.)

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பி.டபிள்யூ. மேப்பிள். இன்னொன்று, பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். கடலில் கொட்டியது, இந்தக் கப்பல் ஓடுவதற்காக வைத்திருந்த எரிபொருள். பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு கணக்கு 200 டன்னை நெருங்கியது.

உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன, சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் பிளாஸ்டிக் வாளிகளை எடுத்தார்கள். வழுக்கும் பாறைகளில் வரிசையாக நின்று, மொண்ட வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அது பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். எண்ணெய் அப்பிய ஆமைகள் செத்து ஒதுங்கின.

இயந்திரம் ஏன் தோற்றது? கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலையில் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். லேசானது மேலே ஏறும், கனமானது கீழே தங்கும். உச்சியில் எரிவாயு, அதற்குக் கீழே பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல். அடியில் தங்கும் வண்டல்தான் சாலைக்குப் போடும் தாருக்கும், கப்பல்களுக்கான ஃபர்னஸ் ஆயிலுக்கும் மூலம். பெட்ரோல் கொட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எண்ணூரில் கொட்டிய ஃபர்னஸ் ஆயில் அப்படிப் போகாது. அலை அடிக்க அடிக்கக் கடல்நீரோடு கலந்து கெட்டியாகிப் பருத்துவிடும். குழாய் அடைத்துக்கொண்டது அதனால்தான்.

(காட்சி: பெட்ரோல் பங்க். ஸ்கூட்டரில் ஒரு லிட்டர் நிரம்புகிறது.)

கொட்டினால் கேடு. சரி, கொட்டாமல் எரித்தால்? ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 750 கிராம். எரிந்தபின் வெளியே போகும் கார்பன் டை ஆக்சைடோ சுமார் 2.3 கிலோ. பலரும் இதை நம்ப மாட்டார்கள். எடை எப்படிக் கூடும்? பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. கூடுதல் எடை அங்கிருந்து வருகிறது. அந்த கார்பன் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடலில் இருந்தது. பூமிக்கடியில் குளம் மாதிரி எண்ணெய் தேங்கி நிற்பதில்லை. தண்ணீர் குடித்த செங்கல் போல, பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அவ்வளவு காலம் ஆழத்தில் கிடந்ததை நாம் சில தலைமுறைகளுக்குள் காற்றில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், இயற்கை எரிவாயு. வீட்டு சிலிண்டரில் இருப்பது இது இல்லை. அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதே காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் இதற்கென ஒரு முனையம் இயங்குகிறது. மீத்தேனை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகி, கன அளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கித்தான் கப்பலில் கொண்டுவருகிறார்கள்.

இதைத் தூய எரிபொருள் என்கிறார்கள். எரியும் இடத்தில் அது உண்மைதான். அதே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி தருவதில் ஏறக்குறைய பாதி கார்பன் டை ஆக்சைடுதான் வரும், சாம்பலும் இல்லை. ஆனால் எரியாமல் கசிந்தால் கதை மாறிவிடும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிணற்றிலிருந்து அடுப்பு வரைக்கும் வால்வு, இணைப்பு, கம்ப்ரசர் என்று எத்தனையோ இடத்தில் கசியலாம். மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்கு வரும் வாயுவில் நாம் முகர்வது, கசிவு தெரியட்டும் என்று சேர்த்த மெர்காப்டன் வாடை. அது சேர்வதற்கு முன்னால் கசிந்தால் மூக்குக்குத் தெரியாது, அகச்சிவப்புக் கேமராதான் காட்டும். ஆகவே எரிவாயு நல்லதா என்று என்னிடம் கேட்டால், கசிவை யார் அளக்கிறார்கள், அந்தக் கணக்கை மக்கள் பார்க்க முடிகிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

(காட்சி: எண்ணூர் முகத்துவாரம், 2023 டிசம்பர்.)

ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து அதே எண்ணூர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது. படகுகளிலும் வலைகளிலும் பூசிக்கொண்டது. கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. மறுபடியும் மீனவர்கள்தான் இறங்கி மொண்டார்கள். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் எண்ணெய் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோடு போட்டது போலத் தெரிந்தது.

அந்த முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். மேலே மிதந்ததை மொண்டு எடுக்கலாம். சேற்றில் படிந்ததை எப்படி எடுப்பது? அவர்களுக்குப் பிழைப்பே அந்தச் சேற்றில்தான்.